மீண்டவரின் திண்ணை

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நாம் வளர்ந்த வீட்டிற்கு எதிரே ஒரு திண்ணை இருந்தது. ஆண்டில் பத்து மாதங்கள் அதில் கோழிகள் படுத்திருக்கும். எஞ்சிய இரண்டு மாதங்களில் உட்கார இடம் கிடைக்காது. அவ்வீட்டின் மூத்த மகன் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்து தங்கும் மாதங்கள் அவை.

அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் அவருடைய தாய் ஒருவரே. ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் ‘பட்டாளத்துக்காரர்’. நம் வயதுப் பிள்ளைகளுக்குப் ‘பட்டாளத்தண்ணன்’. அவர் பேருந்திலிருந்து இறங்கியதும், வெள்ளை வண்ணத்தில் படை எண் எழுதிய அந்தக் கறுப்பு இரும்புப் பெட்டியை யார் தூக்குவது என்று நமக்குள் போட்டியே நடக்கும். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி பெற்றது, எல்லைப்புறத்துப் பனியில் கைவிரல்கள் மரத்துப்போனது, இந்தி தெரியாமல் முதல் சில மாதங்கள் திண்டாடியது ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்லத் திண்ணை முழுவதும் சிரிப்பொலி எழும். டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளன்று பள்ளியில் காசு கொடுத்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடியை, நாம் அவருக்காகவே குத்திக்கொள்வதாக எண்ணியிருந்தோம்.

அந்தத் திண்ணையை நம் தெரு வெறுமையாக்கிய கதையையும், அதில் நமக்கிருந்த பங்கையும் இங்கே எழுத முற்படுகின்றோம். இது நெடுநாளாய் நிலுவையில் இருக்கும் கடன்.

1987 ஜூலை 29 அன்று இராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. அங்குள்ள மக்கள் அப்படையினரை மாலையிட்டு வரவேற்றனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உடுத்திய துணியோடு கடல் கடந்து வந்தவர்களைக் கரையில் நின்று கண்டது நம் ஊர். ஆகவே நமக்கும் அது திருநாளாகவே தோன்றியது. அண்ணனுடைய படைப்பிரிவும் அங்கே செல்கிறது என்று கடிதம் வந்தபோது, “எம் பிள்ளை நம்ம சனத்தைக் காப்பாத்தப் போறான்” என்று அவருடைய தாய் வீடு வீடாகச் சென்று சொல்லி மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி மூன்று மாதங்கள்கூட நீடிக்கவில்லை. அக்டோபரில் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அமைதி காக்கச் சென்றவர்கள் யாழ்ப்பாண நகரைப் பிடிக்கத் தெருத்தெருவாய்ப் போரிட்டனர். அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த படையினரின் துப்பாக்கிகளுக்கு மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளுமாக 60-க்கும் மேற்பட்டோர் இரையாயினர். நவம்பர் 25 அன்று, பதுங்கியிருந்து தாக்கியவர்களோடு பொருதி மாண்டார் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இவ்விரு செய்திகளும் ஒரே போரைச் சேர்ந்தவை. அப்போர் இரண்டரை ஆண்டுகள் நீண்டது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் உயிரோடு திரும்பவில்லை. மாண்ட தமிழ்ப் பொதுமக்களின் தொகை அதனினும் பெரிது.

1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பது அவர் நிலைப்பாடு. நமக்கு அப்போது வயது 18. கல்லூரி விடுதியில் நாளேட்டைச் சுற்றி நின்று அச்செய்தியை வாசித்தபோது நாமும் நண்பர்களும் கைதட்டினோம்.

அந்த ஆண்டிலேயே அண்ணன் தம் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பினார். பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களுக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே ஓய்வு வந்துவிடுகின்றது. பிறர் வாழ்க்கையில் காலூன்றும் வயதில் அவர்கள் புதிதாக ஒரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். அந்தி சாயும் நேரத்தில் அவர் பேருந்தைவிட்டு இறங்கினார். கறுப்புப் பெட்டி அவர் தோளிலேயே வந்தது. நிறுத்தத்தை ஒட்டிய கல்பாலத்தில் நாம் நால்வர் அமர்ந்திருந்தோம். “என்ன தம்பி, நல்லாருக்கியா?” என்று கேட்டார். நாம் தலையை அசைத்தோம், எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை திண்ணைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெரியவர்கள் சண்டை போடவில்லை; வசை பாடவில்லை. அத்திண்ணையைக் கடக்கும்போது மட்டும் அவர்களுக்கு ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தது. ஜூன் மாதத்தில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டு, மண்டபம் முகாமுக்கு அகதிகள் திரளாக வரத் தொடங்கிய பிறகு, அந்த அவசரம் இன்னும் மிகுந்தது. அவர் மட்டும் தனியே, பட்டாளத்துப் பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலை, தேநீர்க் கடையில் அவர் கண்ணாடிக் குவளையை வாயருகே கொண்டுசென்ற வேளை. நாம் பின்பலகையில் இருந்தோம். யாரிடமும் பேசாததுபோல், ஆனால் எல்லாரும் கேட்கும்படி, “தமிழனைக் கொன்ன கையால எப்படித்தான் டீ இறங்குதோ” என்றோம். கடையில் பேச்சு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குவளையைப் பலகையில் வைத்தார்; சில்லறையை எண்ணி அதனருகே வைத்தார்; எழுந்து போனார். தேநீர் அப்படியே இருந்தது. நண்பர்கள் நம் முதுகில் தட்டினார்கள். அன்று அது வீரமென்றே நமக்குப் பட்டது.

நம் சினம் பொய்யானதன்று. அதை இப்போதும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் மாண்ட செவிலியரை எண்ணி ஒருவன் கொதிக்கவில்லையென்றால் அவன் நெஞ்சில் ஈரமில்லை. ஆயினும் அந்தச் சினம் போய்ச் சேர்ந்த இடம் எது? ஒப்பந்தத்தை எழுதியவர்கள் தொலைவில் இருந்தனர். ஆணையிட்டவர்கள் அதனினும் தொலைவில் இருந்தனர். நம் கைக்கு எட்டும் தொலைவில் அகப்பட்டவர் அவர் ஒருவரே. அவர் அங்கே என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று நாம் கேட்கவில்லை. கேட்டு, அறிந்து, பின்னர் வெறுத்திருந்தால் அது தீர்ப்பு. கேளாமலே வெறுத்தது வெறும் வசதி.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தமிழகத்தின் மனம் ஓரிரவில் புரண்டது. அந்த வாரத்திலேயே, அதே தேநீர்க் கடையில், அவர் குடித்த தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார் கடைக்காரர். “அண்ணே, நீங்க அப்பவே சொன்னீங்க, இவனுகளை நம்பக் கூடாதுன்னு” என்றார் ஒருவர். அண்ணன் அப்படி ஒருபோதும் எதையும் சொன்னதில்லை. எதைச் சொல்லவும் அவரை யாரும் விட்டதில்லை. ஓராண்டுக்கு முன் அவர் செய்யாதவற்றுக்காக அவரைத் தள்ளிவைத்த தெரு, இப்போது அவர் சொல்லாதவற்றுக்காக அவரை அரவணைத்தது. இரண்டுக்கும் இடையில் அவரிடம் மாறியது ஒன்றுமில்லை. தலைமயிர் சற்று நரைத்திருந்தது, அவ்வளவுதான்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து வைத்து, பலமுறை அலைந்தபின், இராமநாதபுரத்தில் ஒரு வங்கி வாயிலில் காவலர் பணி அவருக்குக் கிடைத்தது. இரட்டைக் குழல் துப்பாக்கியை மடியில் வைத்து முக்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரை நம்மில் எத்தனை பேர் ஏறிட்டுப் பார்த்திருக்கிறோம்? பணம் எடுக்கச் செல்கிறோம், கதவைத் திறந்துவிடுகிறார், வருகிறோம். எந்த மலையில், எந்தக் காட்டில் அவர் கண்விழித்துக் கிடந்தார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

பின்னர் 1999-இல் கார்கில் போர் வந்தது. மாண்ட வீரர்களின் உடல்கள் கொடி போர்த்திச் சொந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனின் மறைவு தமிழகத்தைக் கலங்க வைத்தது. அந்தச் சுதந்திர நாளில் நம் ஊர்ப் பள்ளி, கொடியேற்ற அண்ணனை அழைத்தது. நாம் அப்போது அங்கே ஆசிரியப் பணியில் இருந்தோம். கார்கிலைப் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். அண்ணன் கார்கிலுக்குச் சென்றவரல்லர். அவர் சென்ற போரைப் பற்றிப் பேச யாரும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி முன் சற்று நேரம் நின்றவர், “பிள்ளைகளா, தண்ணியை வீணாக்காதீங்க. தண்ணி இல்லாம நாலு நாள் கிடந்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்” என்று கூறி அமர்ந்தார். பிள்ளைகள் கைதட்டினர். ‘இவ்வளவுதானா?’ என்பதுபோல் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அன்றுதான் நமக்கு ஓர் உண்மை மங்கலாகத் தெரியத் தொடங்கியது. தூற்றுவோருக்கும் அவர் வாய் திறக்கத் தேவையில்லை. போற்றுவோருக்கும் அவர் வாய் திறக்கத் தேவையில்லை. இருவருக்கும் வேண்டியது சீருடை ஒன்றுதான். அதற்குள் இருக்கும் ஆள், பேசத் தொடங்கினால், இருவருக்குமே இடையூறு.

போரில் மாண்டவர்க்குக் கல் நட்டு வழிபட்ட மரபு நம்முடையது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. மாண்டவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறித்தனர். மீண்டவனுக்கு அப்படியொரு கல் இல்லை. பிற்காலத்தில், முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய தமிழகத்துச் சிற்றூர்களில் வெள்ளை அரசு பதித்த கல்வெட்டுகளை இன்றும் காணலாம். 1914 முதல் 1919 வரை இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றவர் இத்தனை பேர், அவர்களுள் உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்பதே அவற்றின் செய்தி. மீண்டு வந்தவர் எத்தனை பேர் என்று அறிய வேண்டுமானால், நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். மீண்டவர் என்பவர் கழித்தபின் எஞ்சும் தொகை. அவருக்கு ஊரில் வைத்த இடம் அவ்வளவே.

2009 மே மாதம். முள்ளிவாய்க்கால் செய்திகள் வந்துகொண்டிருந்த நாள்கள். தமிழகம் மீண்டும் கொதித்தது. இருபதாண்டுகளுக்கு முந்திய அமைதிப்படையின் பெயரும் மீண்டும் மேடைகளில் ஒலித்தது. தெருவில் ஒருவருமில்லாத ஓர் இரவில், எதிர்வீட்டுத் திண்ணையில் அவர் இருட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே இருந்தார். நமக்கு வயது 37 ஆகிவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், தெருவைக் கடந்து சென்று அத்திண்ணையில் அமர்ந்தோம்.

நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர், “அங்க என்னண்ணே நடந்துச்சு?” என்று கேட்டோம். அவ்வளவுதான் கேட்டோம்.

“எங்க ஆபீசருக்குத் தமிழ் தெரியாது தம்பி” என்று தொடங்கினார். “சோதனைச் சாவடியில என்னைத்தான் பக்கத்துல நிக்க வைப்பாங்க. ஒரு நாள் வயசான அம்மா ஒண்ணு வந்துச்சு. ‘தம்பி, நீங்கள் தமிழோ?’ன்னு கேட்டுச்சு. ‘ஓம் அம்மா’ன்னேன். அந்த ஊர்ப் பேச்சு அதுக்குள்ள எனக்கு வந்துருச்சு. அதுக்கு முகமே மலர்ந்துபோச்சு. ‘என்ர பிள்ளையை முந்தநாள் பிடிச்சுக்கொண்டு போட்டினம். எங்கை வச்சிருக்கினம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ’ன்னுச்சு. நான் ஆபீசர்கிட்டக் கேட்டேன். ‘விசாரிச்சிட்டு விட்டுருவோம்னு சொல்லு’ன்னார். சொன்னேன். கும்பிட்டுட்டுப் போச்சு. மறுநாளும் வந்துச்சு. அதே கேள்வி, அதே பதில். நாலு நாள் வந்துச்சு தம்பி. அஞ்சாம் நாள் எங்க கம்பெனியை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க.”

நாம் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தப் பையன் வீட்டுக்கு வந்தானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பதில் சொன்னது ஆபீசர்தான். ஆனா அந்த அம்மா காதுல விழுந்தது என் குரல். நான் தமிழ்ங்கிறதாலதானே அது நம்புச்சு. துப்பாக்கியும் பிடிச்சிருக்கேன், சுட்டும் இருக்கேன். எங்களைச் சுட்டாங்க, என் பக்கத்துல கிடந்தவன் செத்தான். அதுக்கெல்லாம் கணக்கு வேற. ராத்திரியில எனக்கு வர்றது அந்த அம்மாதான்.”

தேநீர்க் கடையில் அன்று நாம் சொன்ன சொல் தொண்டையில் வந்து நின்றது. “அண்ணே, அன்னைக்கு டீக்கடையில...” என்று தொடங்கினோம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “கேட்டுச்சு தம்பி. சின்னப் பையன் நீ. கோவமில்லை. ஆனா ஒண்ணு. திட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம். அந்த அம்மாவைப் பத்தி அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன்.”

அந்தச் சொல் இன்றும் நம்மைச் சுடுகின்றது. அவர் தம்மைக் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. வீரர் என்றும் சொல்லவில்லை. ஒரு தாய்க்குத் தாம் சொன்ன நான்கு வரிச் செய்தியின் சுமையை இருபத்திரண்டு ஆண்டுகள் தனியே சுமந்தார். ‘கொலைகாரர்’ என்று நாம் சூட்டிய பெயரில் அந்தச் சுமையை இறக்கிவைக்க இடமில்லை. ‘வீரர்’ என்று பின்னர் சூட்டிய பெயரிலும் இடமில்லை. கொலைகாரருக்கு மனச்சான்று இருக்காதென்றும், வீரருக்குக் கலக்கமே இருக்காதென்றும் ஊர் முடிவு கட்டிவிட்டது. மனச்சான்றும் கலக்கமும் கொண்ட ஒரு மனிதர் எங்கே போய் உட்காருவார்?

அதன்பின் பல மாலைகளில் அத்திண்ணைக்குச் சென்றோம். எப்போதும் போரைப் பற்றிப் பேசினோம் என்பதில்லை. மழை, பேரப்பிள்ளை, மருந்துச் செலவு என்று பேச்சு போகும். இடையில் ஏதேனும் ஒன்று வரும். 2015-இல் பிரதமர் நரேந்திர மோடி இலங்கைக்குச் சென்றபோது, கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் அமைதிப்படை வீரர்களுக்காக அமைந்த நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தினார். மாண்டவர் பெயர்களைத் தாங்கிய அக்கருங்கல்லைச் செய்தியில் கண்ட அண்ணன், “என்னோட இருந்தவன் பேரு அதுல இருக்கும்” என்று மட்டும் சொன்னார். சிறிது நேரம் கழித்து, “அந்தப் பையன் பேரு எந்தக் கல்லுல இருக்கும் தம்பி?” என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை.

2019 மார்ச்சில் அண்ணன் காலமானார். புல்வாமா தாக்குதலின் வெம்மை தணியாத நேரம் அது. ஊர் இளைஞர்கள் ஓடி ஓடி உழைத்தனர். தெருமுனையில் பெரிய பதாகை எழுந்தது. அதில் அண்ணனின் பழைய சீருடைப் படம். மேலே பறக்கும் போர் விமானங்கள். கீழே பீரங்கி வண்டி. நடுவே ‘மாவீரருக்கு வீரவணக்கம்’. அவர் காலாட்படையில் நடந்தே காலம் கழித்தவர். பதாகை கட்டிய தம்பிகளின் அன்பில் நாம் குறைகாணவில்லை. அவர்கள் வயதில் நாம் செய்ததைவிட அது எவ்வளவோ மேல். ஆயினும், அப்பதாகையின் கீழ் நின்றபோது, தேநீர்க் கடையின் பின்பலகையில் இருந்த பதினெட்டு வயதினனும் இந்த இளைஞர்களும் ஒரு வகையில் உறவினரே என்று தோன்றியது. அவனும் கேட்கவில்லை, இவர்களும் கேட்டதில்லை.

பழைய வீட்டை இடித்து மகன் புதுவீடு கட்டியிருக்கிறார். முன்புறம் இரும்புக் கதவு, திண்ணை இல்லை. காலத்தின் போக்கு அது. குறைசொல்ல என்ன இருக்கிறது? ஆனால் போரிலிருந்து மீண்டு வருவோர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் செய்தவற்றுள் பிழை இருக்குமானால் அதற்குரிய நீதிமன்றங்கள் உண்டு. இல்லையெனில் இருக்க வேண்டும். அவர்களை அனுப்பியவர்கள் சொல்ல வேண்டிய பதிலும் உண்டு. அவற்றையெல்லாம் ஒரு தனி மனிதரின் தேநீர்க் குவளையில் கொட்டாதிருப்பதும், மாலையிட்டு அவர் வாயை அடைக்காதிருப்பதும் நம் பொறுப்பு.

சென்ற மாதம் வங்கிக்குச் சென்றிருந்தோம். வாயிலில் புதிய காவலர். காக்கிச் சட்டை, நிமிர்ந்த முதுகு. வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் நின்றோம். “எங்கே பணியில் இருந்தீர்கள்?” என்று கேட்டோம். ஐயத்தோடு நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, தாம் அமர்ந்திருந்த முக்காலியை நம் பக்கம் நகர்த்தி, “உக்காருங்க சார், சொல்றேன்” என்றார்.